பாட்டை எடுத்துவிட்டால் நிற்குமா? நாம் கொண்டாடும் தமிழ்ப் படங்கள் பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. தமிழில் 'காலத்தால் அழியாதவை' என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் படங்கள் சில உண்டு. அவற்றில் பாதியை முழுப் படமாக உட்கார்ந்து பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஆனால் பாட்டை மட்டும் வாரம் தவறாமல் கேட்கிறோம். என் கட்சி இதுதான்: பாட்டுக்கும் நடிப்புக்கும் சேர வேண்டிய பெருமையைக் கதையின் கணக்கில் வரவு வைத்துவிட்டோம். அப்படி உங்களுக்குத் தோன்றும் படத்தை இங்கே சொல்லுங்கள். 'ஓவர் ரேட்டட்' என்று ஒற்றை வார்த்தையில் போட்டுவிட்டுப் போக வேண்டாம். எந்தக் காட்சி, என்ன குறை என்று எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். ரோஜா.

1992 ஆகஸ்ட் 15-ல் வந்த படம். மணிரத்னம் இயக்கம், கவிதாலயா தயாரிப்பு, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, சுஜாதா வசனம், ஏ.ஆர். ரஹ்மான் அறிமுகம். இசைக்கு ரஹ்மானுக்கும், 'சின்னச் சின்ன ஆசை'க்கு வைரமுத்துவுக்கும் தேசிய விருது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்று படத்துக்கும் ஒரு விருது. முதல் இரண்டையும் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. மூன்றாவதில்தான் இடிக்கிறது.

படத்தில் காஷ்மீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். 'புது வெள்ளை மழை'யில் அது தேனிலவுக்கான பனி. அங்கே வாழ்கிற மனிதர் யாரும் நம் கண்ணில் நிற்பதில்லை. அப்புறம் ரோஜா கோயிலில் தேங்காய் உடைக்கிறாள். அந்தச் சத்தத்துக்கே ராணுவத்தினர் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒரு தேங்காய்ச் சத்தத்தில் ஊரின் பயம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று படம் ஒரு நிமிடம்கூட நின்று கேட்கவில்லை. 1990 ஜனவரியில் ஸ்ரீநகர் கவ்கதல் பாலத்தில் ஊர்வலம் போனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில்தான் காஷ்மீர இந்துக்களான பண்டிதர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு ஜம்முவுக்கும் டெல்லிக்கும் ஓடினார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த படத்தில் இந்த இரண்டு துயரத்துக்கும் இடமில்லை.

கொடி எரியும் காட்சிக்கு வருகிறேன். தீவிரவாதிகள் கடத்தி வைத்திருக்கும் ரோஜாவின் கணவன் ரிஷிகுமார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து, எரிகிற கொடியின் மேல் விழுந்து புரண்டு அணைக்கிறான். அந்த நேரத்தில் கடத்தியவர்களின் தலைவன் லியாகத் தொழுதுகொண்டிருக்கிறான். எரியும் உடலையும் தொழுகையையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். இப்படி வெட்டி ஒட்டினால் பார்ப்பவன் மனதில் எது எதோடு ஒட்டிக்கொள்ளும்? ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1994-லேயே இந்தப் படத்தின் அரசியலைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். நாம்தான் பாட்டைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991-ல் இந்தியன் ஆயில் அதிகாரி துரைசாமியைக் காஷ்மீரில் கடத்தினார்கள். சிறையில் இருந்த சிலரை விடுவித்த பிறகே அவர் திரும்பினார். படத்தின் கரு அங்கிருந்து வந்தது. நிஜத்தில் அரசு ஒரு முடிவெடுத்து, அதன் விளைவையும் சுமந்தது. படத்தில் சிறையில் இருக்கும் தீவிரவாதி வாசிம் கானை விடுவிக்கும் கடைசிக் கட்டத்தில் நாயகன் தானே தப்பித்து வந்துவிடுகிறான். ஓர் உயிரா, ஒரு கைதியா என்ற கேள்விக்கு யாருமே பதில் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. மொத்தப் படமும் எந்தக் கேள்வியை நோக்கி வந்ததோ, அதையே கடைசி பத்து நிமிடத்தில் கைகழுவிவிட்டார்கள்.

டூரிங்_டாக்கீஸ்:

அண்ணே, உங்கள் எழுத்து மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது.

படத்தின் பெயர் ரோஜா. காஷ்மீர் இல்லை. சுந்தரபாண்டியபுரத்தில் ஆட்டம் பாட்டமாகத் திரிந்த ஒரு பெண், மொழி தெரியாத ஊரில் புருஷனைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். அவளுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் நமக்கும் காஷ்மீர் தெரியும். அவள் பேசுவதை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியாமல் ஜனகராஜைப் பிடித்துக்கொண்டு அலைகிறாளே, அந்தத் திணறல்தான் படம். கவ்கதல் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்?

அரசியலே இல்லை என்பதும் சரியில்லை. 1989 டிசம்பரில் உள்துறை அமைச்சரின் மகள் ருபையா சயீதைக் கடத்தியபோது சிறையில் இருந்த தீவிரவாதிகள் ஐந்து பேரை விடுவித்தார்கள். இது அன்றைக்குப் பேப்பர் படித்த எல்லோருக்கும் தெரியும். கர்னல் ராயப்பாவிடமும் அமைச்சரிடமும் ரோஜா மல்லுக்கு நிற்கும்போது எனக்குள் ஓடியது அதுதான். பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா? 'நாடுதான் பெரிது' என்று சொல்கிற அதிகாரியிடம் 'எனக்கு என் புருஷன்தான் பெரிது' என்று நிற்கிற பெண்ணைத் தேசபக்திப் படம் என்று பெயரெடுத்த ஒன்றில் நடுவில் வைத்திருக்கிறார் மணி. அதற்கு மதிப்பெண் கொடுக்க மாட்டீர்களா?

வைகைக்கரை:

கொடுப்பேன். ரோஜாவாக மதுபாலா வருகிற காட்சிகள் எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தம்பி, கொடிக் காட்சியில் ரோஜா இல்லை. லியாகத்தின் தம்பியை எல்லை தாண்டிய இடத்தில் சுட்டுக் கொல்கிற காட்சியிலும் அவள் இல்லை. ரிஷிக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கடைசியில் அவன் தப்பிக்க வழிவிடுகிற அந்தக் காஷ்மீர்ப் பெண்ணை ரோஜா பார்த்ததே கிடையாது. பாதிப் படம் ரோஜாவின் கண்ணுக்கு வெளியேதான் நடக்கிறது. அங்கே அவள் அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. அந்தக் காஷ்மீர்ப் பெண்ணின் பெயர் என்னவென்று இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா?

மாங்குயில்:

கரகாட்டக்காரன். 1989. மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பாட்டையும், வாழைப்பழத்தையும், சொப்பன சுந்தரி வைத்திருந்த காரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தில்லானா மோகனாம்பாளின் எலும்புக்கூடு. ஆனால் ஒன்று, கங்கை அமரன் அதை மகா காவியம் என்று எங்கேயும் சொல்லவில்லை. பாட்டுக்கும் சிரிப்புக்கும் எடுத்த படம், சொன்னதைச் செய்தது. அதனால் அதை இந்தப் பட்டியலில் வைப்பது நியாயமில்லை என்று சொல்லத்தான் வந்தேன். பெரிய விஷயம் பேசுகிறேன் என்று கிளம்பிய படங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கார்குழலி:

மாங்குயில் சொன்னது சரி. அப்படியானால் நான் எடுக்க வேண்டியது முதல் மரியாதை.

திட்ட வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சிவாஜி அந்தப் படத்தில் நடித்ததுபோல் அடக்கமாக நடித்தது அபூர்வம். ராதாவுக்கு ராதிகா கொடுத்த குரல், 'பூங்காத்து திரும்புமா', இளவட்டக்கல்லை மலைச்சாமியாக வரும் சிவாஜி தூக்கிக் காட்டும் இடம், எல்லாமே எனக்கு மனப்பாடம். 1985-ல் தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

நான் பேச வந்தது பொன்னாத்தாவைப் பற்றி. வடிவுக்கரசி நடித்த அந்த மனைவி.

கல்யாணத்துக்கு முன்பே ஒருவனை நம்பிக் கர்ப்பமானவள் அவள். அவளுடைய அப்பா மருமகனின் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்ள, மலைச்சாமி தாலி கட்டுகிறார். அதற்குப் பிறகு அவளோடு வாழவே இல்லை. இந்த உண்மை படத்தில் எப்போது வெளியே வருகிறது? அவள் எவ்வளவு கொடுமைக்காரி என்று நம்மை முழுதாக நம்பவைத்த பிறகு. எதற்காக வருகிறது? மலைச்சாமி எவ்வளவு பெரிய மனுஷர் என்று காட்டுவதற்காக.

கொஞ்சம் அவள் பக்கம் போய் நின்று பாருங்கள். ஏமாற்றிவிட்டுப் போனவன் ஒருவன். ஊருக்காகத் தாலி கட்டிவிட்டுக் காலமெல்லாம் தொடாதவர் இன்னொருவர். அந்தப் பெரிய மனுஷத்தனத்துக்குக் கீழே, தினமும் நன்றிக்கடன் பட்டவளாக அவள் அந்த வீட்டில் சோறு ஆக்க வேண்டும். அவள் வாயில் விஷம் ஏறாமல் வேறு என்ன ஏறும்? அவளுக்கென்று ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, தனியாக உட்கார்ந்து மூச்சு விடுகிற ஒரு காட்சி பாரதிராஜா கொடுத்திருந்தால் போதும். படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். கொடுக்கவில்லை. அவளை அசிங்கமாகக் காட்டினால்தான் ராதா நடித்த குயிலோடு மலைச்சாமி மீன் சாப்பிடுவது நமக்கு அழகாகத் தெரியும் என்பதால் கொடுக்கவில்லை.

குயிலுக்கும் அதே கதிதான். பெரியவரின் மானத்தைக் காப்பாற்ற ஒருவனைக் கொன்றுவிட்டு, காரணத்தைச் சொல்லாமல் ஜெயிலுக்குப் போகிறாள். ஒருத்தி கெட்டவள், ஒருத்தி தியாகி. நடுவில் ஆண் மட்டும் மனிதனாக இருக்கிறார். கிராமத்துப் பெண்களின் மனதைத் திறந்து காட்டிய படம் என்று இதை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

டூரிங்_டாக்கீஸ்:

அக்கா, பொன்னாத்தா பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வடிவுக்கரசி அவளை வெறும் வில்லியாக நடிக்கவில்லை. அந்த நடையிலும் குரலிலும் உள்ளே ஏதோ அழுகிப்போன காயம் இருப்பது தெரியும். எழுத்தில் இல்லாததை நடிகை கொண்டுவந்துவிட்டார்.

கார்குழலி:

அதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். நடிகை கொடுத்ததைப் படம் கொடுத்ததாக எழுதிவிட்டோம்.

ரீல்பெட்டி:

இந்தப் பெருமையெல்லாம் எப்படி உருவானது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். நான் கேசட் கடையில் நின்ற தலைமுறை.

படம் வருவதற்கு முன்பே கேசட் வந்துவிடும். டீக்கடை, டவுன் பஸ், கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும் ஓடி, படம் வரும்போது பாட்டு நம் சொந்தப் பொருள் ஆகியிருக்கும். அப்புறம் தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். அதில் பாட்டு மட்டும்தான் வரும். முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று தெரியாது. 1993-ல் சன் டிவி வந்த பிறகு பாட்டு நிகழ்ச்சி நாள் முழுக்க என்றாகிவிட்டது. ஒரு படத்தின் மிக அழகான ஐந்தைந்து நிமிடங்களைக் கதையிலிருந்து கழற்றி, வருடக்கணக்கில் நம் கண் முன்னால் ஓட்டினார்கள். முழுப் படத்தை ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்த்திருப்போம். பாட்டுக் காட்சியை நூற்றுக்கணக்கான தடவை. எது மனதில் நிற்கும்?

இதே வேலையை இப்போது இரண்டு நிமிட வீடியோத் துண்டுகள் செய்கின்றன. அங்கே பாட்டுக்குப் பதில் வசனம். அதற்கு என் உதாரணம் அன்பே சிவம்.

2003 பொங்கலுக்கு வந்து, தியேட்டரில் சரியாகப் போகாத படம். அதே பொங்கலுக்கு வந்த தூள் பிய்த்துக்கொண்டு ஓடியது. பிறகு டிவியில் போட்டுப் போட்டு, இன்று 'மக்கள் புரிந்துகொள்ளத் தவறிய காவியம்' என்ற இடத்துக்கு வந்துவிட்டது. தோற்ற படம் என்பதே அதற்கு ஒரு புனிதத்தைக் கொடுத்துவிட்டது. யாராவது குறை சொன்னால் 'உனக்குப் புரியவில்லை' என்று வாயை அடைத்துவிடலாம்.

படத்தில் நல்ல இடங்கள் நிறைய உண்டு. புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையில் மாட்டிக்கொள்கிற முதல் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாதவன் அதில் பிரமாதம். ரயில் விபத்துக்குப் பிறகு ஆம்புலன்சில் அந்தச் சிறுவன் இறந்துபோகிறான். மாதவன் உடைந்துபோகிறார். அதுவரை தன்னைத் தவிர யாரையும் பற்றி நினைக்காத ஒருவன், யாரோ பெற்ற பிள்ளைக்காக அழுகிறான். அங்கே படம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விடவில்லை. முன்பின் தெரியாதவனுக்காகக் கண்ணீர் விடுகிற அந்த மனசுதான் கடவுள் என்று கமல் நடித்த நல்லசிவம் விளக்கவுரை சொல்கிறார். மாதவனின் முகம் சொல்லி முடித்துவிட்டதை வசனம் மறுபடியும் சொல்கிறது. அந்த விளக்கவுரைதான் இன்று எல்லோருடைய ஸ்டேட்டசிலும் சுற்றுகிறது. முகம் சுற்றவில்லை.

முதலாளி கந்தசாமிப் படையாட்சியும் அப்படித்தான். நெற்றி நிறைய விபூதியோடு கொடுமை செய்கிறவர் என்று வரைந்து வைத்த பொம்மை. கூலி உயர்வு போன்ற கனமான விஷயத்தைப் பேசுகிற படத்தில் எதிர்த் தரப்பு இவ்வளவு மெலிந்தா இருப்பது?

செவ்வந்தி:

அன்பே சிவம் பற்றி ரீல்பெட்டி சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்த வசனம் இல்லாமல் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அந்தக் காட்சி போய்ச் சேர்ந்திருக்காது. தெருநாடகம் போட்டுப் பழகிய ஒருவன் எதையும் வாய்விட்டுச் சொல்வான், அது அவன் குணம். பாத்திரத்தின் குணத்தை எழுத்தின் குறை என்று சொல்லலாமா?

என் பங்குக்கு: சேது. நான் அதை ஓடிடியில்தான் முதல்முறை பார்த்தேன். 'எங்கே செல்லும் இந்தப் பாதை' எத்தனையோ ராத்திரி கேட்ட பாட்டு. படத்தில் அபிதாவை நாயகன் சேது தூக்கிக்கொண்டு போய், மிரட்டி, தன்னைக் காதலிக்கச் சொல்கிற காட்சி வந்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்த மிரட்டலுக்கு அப்புறம் அவள் அவனைக் காதலிக்கிறாள். அவனுக்கு மூளை கலங்கிய பிறகு நாம் எல்லோரும் அவனுக்காக அழுகிறோம். அவள் பயந்தது எங்கே போனது? 1999-ல் தமிழ்ச் சினிமாவைத் திருப்பிப் போட்ட படம் என்கிறார்கள். விக்ரமின் உழைப்பு வரைக்கும் சரி. பெண்ணைக் கண்ட விதத்தில் அது எதையும் திருப்பிப் போடவில்லை.

நல்லூர்வீதி:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு படத்தைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கன்னத்தில் முத்தமிட்டால்.

2002 பெப்ரவரியில் படம் வந்தது. அதே மாதம்தான் போர் நிறுத்த உடன்பாடும் கையெழுத்தானது. பாதை திறக்கப்போகிறது, சமாதானம் வரப்போகிறது என்று சனம் நம்பத் தொடங்கிய நேரம். அந்த நேரத்தில் எங்களைப் பற்றி இந்தியாவில் ஒரு பெரிய இயக்குநர் படம் எடுத்திருக்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய விசயமாக இருந்தது. ஆறு தேசிய விருதுகள் கிடைத்தன. கீர்த்தனா என்ற அந்தப் பிள்ளையின் நடிப்பில் யாரும் குறை சொல்ல ஏலாது.

ஆனால் படம் யாருடைய கதை? வளர்ப்புப் பிள்ளையான அமுதாவுக்குத் தன்னைப் பெற்ற தாயைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து குடும்பமாக வருகிறார்கள், குண்டு வெடிக்கிறது, பயப்படுகிறார்கள், தாயைக் காண்கிறார்கள், போய்விடுகிறார்கள். எங்கட ஊர் அவர்கள் கடந்து போகிற ஓர் இடம். வைகைக்கரை ரோஜாவைப் பற்றிச் சொன்னதை வாசித்தபோது எனக்கு இதுதான் மனதில் வந்தது. அங்கே காஷ்மீர், இங்கே மாங்குளம்.

ஊரை விட்டுச் சனம் வெளிக்கிடுகிற காட்சியில் 'விடை கொடு எங்கள் நாடே' வருகிறது. எம்.எஸ். விஸ்வநாதனின் குரல் தொடங்கினாலே எங்கட வீட்டில் பெரியாக்கள் கதைப்பதை நிறுத்திவிடுவார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த சனம் நாங்கள். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாத நெரிசல். அந்தப் பாட்டுக்குள் எங்கட இடப்பெயர்வு முழுவதும் இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். நடக்கிற சனத்தில் ஒரு ஆளின் பெயர் தெரியுமா? ஏன் வெளிக்கிட்டார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று படம் பின்னால் போய்ப் பார்க்கிறதா? இல்லை. கமெரா திரும்பவும் சென்னைக் குடும்பத்திடமே வந்துவிடுகிறது.

எங்கட பேச்சையும் சொல்ல வேண்டும். தாய் ஷியாமாவாக வருகிற நந்திதா தாஸ் நல்ல நடிகை. ஆனால் அந்த இடங்களில் வருகிற ஈழத்துப் பேச்சு எங்கட காதுக்கு ஒட்டவில்லை. சில வசனங்களில் வந்து, சில வசனங்களில் காணாமல் போகிறது. இவ்வளவு செலவழித்து எடுக்கிறவர்கள், கூட இருந்து திருத்திக் கொடுக்க எங்கட ஆக்கள் நாலு பேரை வைத்திருக்கலாம். அது அக்கறை சம்பந்தப்பட்ட விசயம்.

வைகைக்கரை:

நல்லூர்வீதி, நன்றி. அந்தப் பாட்டை இங்கே இருந்து கேட்கும் எங்களுக்கு வலிகாமம் என்ற பெயரே வந்ததில்லை. 'எங்கோ நடக்கும் போர்' என்று மட்டும்தான் கேட்டோம். கடைசியில் தாய் மகளை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும் காட்சி உங்களுக்கு எப்படி இருந்தது?

நல்லூர்வீதி:

அந்தக் காட்சி பிடிக்கும். பிள்ளை கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறது, தாயால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. சமாதானம் வந்த பிறகு வா என்ற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறாள். 2009-க்குப் பிறகு அதைப் பார்க்கிற எங்களுக்கு அந்தத் தாய் என்ன ஆகியிருப்பாள் என்றுதான் யோசனை ஓடும். ஆனால் அது படம் வைத்துவிட்டுப் போனது இல்லை. காலம் கொண்டுவந்து சேர்த்தது.

கண்மாய்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன், எடுக்கவில்லை. தேவர் மகன்.

ரோஜா வந்த அதே 1992, தீபாவளி. கமல் எழுத்து, பரதன் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் கேமரா, இளையராஜா. திரைக்கதை எழுதப் பழகுகிறவர்களுக்குப் பாடமாகக் காட்டுகிறார்கள். காட்டட்டும், கட்டுமானம் அப்படிப்பட்டது. பெரிய தேவரும் அவர் மகன் சக்தியும் பேசுகிற காட்சியில் சிவாஜியின் கண்ணையும் குரலையும் பார்த்தால் போதும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் தேவர் பெருமை பாடும் 'போற்றிப் பாடடி பெண்ணே' என்ற பாட்டு எங்கே, எப்போது, யார் தெருவுக்குள் நுழையும்போது சத்தமாக வைக்கப்படும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பாட்டு ஸ்பீக்கரில் வந்தால் சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். படம் வன்முறைக்கு எதிரானது, கடைசியில் 'புள்ளகுட்டிகளப் படிக்க வைங்கடா' என்று சொல்கிறது என்று சொல்வீர்கள். சரி. அந்த வசனத்தை எந்த ஊர்வலத்தில் போட்டிருக்கிறார்கள்?

பாட்டை யாரோ தவறாகப் பயன்படுத்தினால் படம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அதனால் படத்துக்குள்ளேயே வருகிறேன். இசக்கி. வடிவேலு. பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்க ஆசைப்படுவது லண்டனில் இருந்து வந்த சக்தி. பூட்டை உடைப்பது இசக்கி. அதற்குக் கையைப் பறிகொடுப்பதும் இசக்கி. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, இனி சாப்பிடவும் கழுவவும் ஒரே கைதான் என்ற பொருளில் அவன் பேசுகிறான். தியேட்டரே உருகிப்போகும். எனக்கு வயிறு எரிந்தது. கை போனவனுக்குக் கோபம் வரக் கூடாதா? 'உங்கள் இரண்டு வீட்டுச் சண்டையில் என் கை எதற்கு?' என்று ஒரு தடவை கேட்கக் கூடாதா? அவன் விசுவாசத்தில் நெகிழ்ந்துபோகும்படி எழுதியிருக்கிறார்கள். அதுதான் படத்தின் பார்வை. சண்டை போடுவதும் அவர்கள், சமாதானம் பேசுவதும் அவர்கள், திருந்துவதும் அவர்கள். மற்றவர்கள் கை கொடுப்பவர்கள்.

2023-ல் மாமன்னன் இசை வெளியீட்டில், கமல் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, தேவர் மகன் தனக்குக் கொடுத்த வலியைப் பற்றி இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார். இசக்கிதான் மாமன்னனாக வருகிறார் என்ற பொருளில் சொன்னார். அதே வடிவேலுவை வைத்து எடுத்தார். அதற்காக அவரை எத்தனை பேர் ஏசினார்கள் என்று தெரியும். ஒரு படத்தைப் பற்றி 30 வருடம் கழித்து ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால், முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டாமா?

டூரிங்_டாக்கீஸ்:

கண்மாய் தோழர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட மனம் வரவில்லை. இருந்தாலும் ஒரு விஷயம் சொல்கிறேன். படத்தின் மையம் ஒரு ஆள் தன் பிறப்பிலிருந்து தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொள்வது. உணவகம் நடத்த ஆசைப்பட்டவன், காதலித்த பெண்ணை விட்டு, தாடியை எடுத்து மீசையை முறுக்கி, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, கடைசியில் கொலைகாரனாக ரயில் ஏறுகிறான். அது பெருமை இல்லை, சோகம். சாதி ஒருவனை எப்படி விழுங்குகிறது என்றுதான் நான் பார்த்தேன்.

கண்மாய்:

திரைக்கதைப்படி சோகம்தான். ஆனால் அவன் மீசையோடு முதன்முதலாக மாடிப்படி இறங்கி வரும் காட்சியில் கேமராவும் இசையும் என்ன செய்கின்றன? தியேட்டரில் விசில் எந்த இடத்தில் பறந்தது? விழுங்கப்படுகிறான் என்றால் நமக்குப் பயம் வர வேண்டும். புல்லரிப்பு வந்தது. எழுத்து ஒன்றைச் சொல்ல, இசையும் படமாக்கமும் அதற்கு நேர் எதிராக வேலை செய்திருக்கின்றன. இந்த இழையில் எல்லோரும் பாட்டைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை பாட்டை உள்ளே வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்க வேண்டும். அது படத்துக்கு வரவு இல்லை, கடன்.

வைகைக்கரை:

கண்மாய், இது நான் யோசிக்காத கோணம். நல்ல பாட்டு மோசமான கதையைத் தூக்கிப் பிடிக்கும் என்று மட்டும் பார்த்தேன். நல்ல கதையின் நோக்கத்தையே பாட்டு கவிழ்த்துவிடும் என்பதை இந்த இழையில் தனியாகப் பேச வேண்டும்.

மாங்குயில்:

சரி, இந்தச் சோதனையில் தேறுகிற படம் ஒன்றாவது சொல்லுங்கள். பாட்டும் பெரிது, படமும் பெரிது என்று.

கார்குழலி:

மௌன ராகம். 1986.

என்ன பரிசு வேண்டும் என்று புருஷன் கேட்க, விவாகரத்து வேண்டும் என்கிறாள் திவ்யா. அவன் கை பட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். தமிழ்ப் படத்தில் ஒரு மனைவி இப்படிப் பேசி, படம் அவளைத் தண்டிக்காமல் விடுவது எவ்வளவு அரிது தெரியுமா? கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் சட்டப்படி விவாகரத்து கேட்க முடியாது, அதுவரை ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் இருக்கிற பேசாமை எல்லாம் சேர்ந்துதான் 'மன்றம் வந்த தென்றலுக்கு' ஆகிறது. பாட்டை எடுத்தால் படத்தில் ஒரு காட்சி குறையும். படத்தை எடுத்தால் பாட்டில் பாதி குறையும். அப்படி இருக்க வேண்டும்.

பொன்னாத்தாவையும் திவ்யாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் விருப்பமில்லாத கல்யாணத்தில் மாட்டியவர்கள். ஒரு வருட இடைவெளியில் வந்த படங்கள். திவ்யாவாக வந்த ரேவதிக்குக் கோபப்பட இடம் கிடைத்தது.

செவ்வந்தி:

அக்கா, மௌன ராகத்தை அவ்வளவு சுலபமாக விட முடியாது. ஊரே கொண்டாடுவது திவ்யாவின் பழைய காதலன் மனோகராக வரும் கார்த்திக்கை. அந்த 'மிஸ்டர் சந்திரமௌலி' காட்சியை இன்றைக்கு ஒரு பையன் ஒரு பெண்ணின் அப்பாவிடம் செய்தால் நாம் என்ன சொல்வோம்? திவ்யா முடியாது என்று சொன்ன பிறகும் விடாமல் துரத்துகிறவன்தான் அவனும். சேதுவுக்கு ஒரு நியாயம், மனோகருக்கு ஒரு நியாயமா?

கார்குழலி:

துரத்துகிறான், மறுக்கவில்லை. ஆனால் மிரட்டவில்லை. அவள் அவனைப் பார்த்துப் பயப்படுகிற ஒரு ஷாட் கிடையாது. அவள் அவனை எதிர்த்துப் பேசுகிறாள், போலீசில் மாட்டிவிடுகிறாள், அப்புறம் தானாக மனம் மாறுகிறாள். அபிதாவுக்கு அந்த 'தானாக' என்பதே கிடையாது. எனக்கு உறுத்துவது வேறு இடம். கடைசி ரயில் நிலையக் காட்சி. திவ்யாவின் மனம் மாறுவதற்கு அந்தப் படம் போதுமான நேரம் கொடுத்ததா, இல்லை சுபமாக முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டதா? எனக்குப் போதும் என்றுதான் படுகிறது, ஏனென்றால் புருஷன் அடிபட்டுக் கிடந்த நாட்களில் அவள் பார்வை மாறுவதை ரேவதி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியிருக்கிறார். நீங்கள் அந்தப் பகுதியை மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள் செவ்வந்தி, அங்கிருந்து பேசலாம்.